பாட் பைக்கு எந்தக் கறி? பிராய்லர் முதல் முயல் வரை

டிசம்பர் பிறந்தாலே பெரம்பூர், ராயபுரம், வேப்பேரி பக்கம் ஓவன் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸுக்கு பிரியாணி உண்டு, கேக் உண்டு, கூடவே ஒரு பாட் பை போடலாம் என்று முடிவாகிவிட்டது, ஆனால் உள்ளே எந்தக் கறி? யூடியூபில் வரும் வெள்ளைக்காரர் மான்கறியும் காட்டு முயலும் போட்டுச் செய்கிறார். நம் தெருமுனைக் கடையில் தொங்குவது பிராய்லர். நாட்டுக்கோழி வேகுமா, காடையில் எலும்பு எடுத்து மாளுமா, பண்ணை முயல் என்று விற்கிறார்களே அதை நம்பி வாங்கலாமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஆளுக்கு ஒரு பதிலாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கேயே எடை போட்டுவிடுகிறேன்.

இதுவரை செய்யாதவர்களுக்காகச் சுருக்கமாக: மைதாவை வெண்ணெயில் வறுத்து, எலும்பு வேகவைத்த சாறும் கொஞ்சம் பாலும் ஊற்றிக் கெட்டியாக்கி, அதில் வெந்த கறி, கேரட், பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்த்து ஆழமான பாத்திரத்தில் கொட்டி, மேலே வெண்ணெய் பிசிறிய மைதா மாவைத் தேய்த்து மூடி, ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து எடுப்பது. கறி அடுப்பில் ஒரு தடவை வேகிறது, மூடிக்குள்ளே இன்னொரு தடவை சூடேறுகிறது. எந்தக் கறி என்பதில் பாதிக் கணக்கு அந்த இரண்டாவது சூட்டில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், அந்தக் கறியை இங்கே சட்டப்படி வாங்க முடியுமா. முடியாது என்றால் ருசி, விலை எதையும் பேசி லாபமில்லை.

அடுத்து சாறு. பிரியாணிக்கு மசாலா கைகொடுக்கும், குழம்புக்குத் தேங்காய் கைகொடுக்கும், பையில் அப்படி மறைக்க ஒன்றும் கிடையாது. மிளகு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் காய்ந்த தைம், அவ்வளவுதான். எலும்பிலிருந்து இறங்கிய சாறு நன்றாக இருந்தால் பை நன்றாக இருக்கும், சாறு தண்ணியாக இருந்தால் எத்தனை வெண்ணெய் போட்டாலும் மைதாக் கஞ்சி வாசம்தான் வரும்.

மூன்றாவது, முன்பு சொன்ன இரண்டாவது சூட்டில் கறி சக்கையாகாமல் நிற்கிறதா. நான்காவது எலும்பு. பை சாப்பிடும்போது ஸ்பூனால் அள்ளி வாயில் போடுகிறோம், கெட்டியான சாஸுக்குள் எலும்பு ஒளிந்திருந்தால் குழந்தைக்கும் ஆபத்து, பல் கட்டிய தாத்தாவுக்கும் ஆபத்து, ஆகவே கறியை முழுக்க உதிர்த்துத்தான் போட வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் செலவில் சேர்த்திதான். கடைசியாகப் பணம். கிலோ விலையைப் பார்க்காதீர்கள், எலும்பும் தண்ணீரும் போய் கையில் நிற்கும் வெந்த கறியின் விலையைப் பாருங்கள். ஆறு பேருக்கு ஒரு பை என்றால் உதிர்த்த கறி சுமார் 600 கிராம் வேண்டும். கீழே சொல்லும் அளவெல்லாம் அந்தக் கணக்குதான்.

## காட்டு விலங்கு, காட்டுப் பறவை

இங்கே இது கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. மான், காட்டுப்பன்றி, காட்டு முயல், கவுதாரி, பழவேற்காடு ஏரிக்கு வந்து போகும் வாத்து வகைகள், எதையும் பிடிக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. எந்த விலங்கு என்பதைப் பொறுத்து தண்டனை ஏழாண்டு சிறை வரை போகும். “ஊர்ப்பக்கம் பிடிச்சது சார், யாருக்கும் தெரியாது” என்று யாராவது கவுதாரியோ முயலோ கொண்டு வந்தால் வாங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கண்ணியில் எத்தனை மணி நேரம் கிடந்தது, எதைத் தின்று செத்தது என்று எதுவும் தெரியாத கறியைக் குழந்தைக்கு ஊட்ட எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்கள் கதை வேறு. அங்கே மாநிலம் லைசென்ஸ் கொடுக்கிறது, சீசன் உண்டு, வேட்டையாடிய கறியை விற்க முடியாது, ஆனால் கூட வேலை செய்பவர் ஒரு பாக்கெட் மான்கறியை ஆசையாகக் கொடுப்பார். கடையில் விற்கும் மான்கறி பண்ணையில் வளர்த்தது. கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம், பைக்கு நல்ல கறிதான். தோள்பட்டைக் கறியை வாங்கி, சின்னத் தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். கொழுப்பே கிடையாது, ஆகவே வெண்ணெய் கூடுதலாகப் போகும். கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஈயக் குண்டால் சுட்டதா? அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறிக்குள் சிதறியிருக்கும், சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மான் என்றால் அந்தப் பகுதியில் மான்களைத் தாக்கும் மூளை நோய் இருக்கிறதா, கறியைப் பரிசோதித்தார்களா? காட்டு முயல் என்றால் சுத்தம் செய்யும்போது கையுறை போட வேண்டும், துலாரீமியா என்ற காய்ச்சல் அதிலிருந்து மனிதனுக்குத் தொற்றும். காட்டுப்பன்றி உள்ளே 71 டிகிரி தொட வேண்டும், புழு இருக்கலாம். லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு என்று பெட்டியில் கட்டிக்கொண்டு வராதீர்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் இறைச்சியை இங்கே இறக்க முடியாது.

காட்டுக்கறியில் வெள்ளைக்காரர்கள் தேடுவது என்ன? ஓடியாடி வேலை செய்த தசையின் கருஞ்சிவப்பு, அதிலிருந்து வரும் ஆழமான ருசி. அது நமக்கு நாட்டுக்கோழியின் தொடையில் இருக்கிறது, காடையில் இருக்கிறது. வியாசர்பாடியில் இருந்துகொண்டு மானுக்கு ஏங்க வேண்டிய அவசியமே இல்லை.

## பிராய்லர்

ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ தொடும் கோழி. இளசு, ஆகவே இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும், உதிர்ப்பது சுலபம், பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். தோலுரித்த கறி ஒன்றேகால் கிலோ வாங்கினால் போதும்.

குறை இரண்டு. சாறு மெலிந்தது. நெஞ்சுக்கறி ஓவனுக்குள் போய் வந்ததும் சக்கையாகிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: கடையில் “முழு லெக்கா குடுங்க பாய், எலும்போட” என்று கேட்டு வாங்குங்கள். போன்லெஸ் வாங்குவதுதான் பலரும் விழும் குழி, ஏனென்றால் கிலோவுக்கு அதிகம் கொடுத்து, அதே நேரம் எலும்பையும் கடையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாறுக்காக சூப் கட்டி வாங்குகிறார்கள், அதில் இருக்கும் உப்பு சாஸையே கெடுத்துவிடுகிறது. உப்பு போட்ட வெண்ணெய் வேறு, சொல்லவே வேண்டாம்.

விலை கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடத்தில் முடிவாகிறது, நம் கடைக்காரர் கையில் ஒன்றும் இல்லை. புரட்டாசியில் இறங்கும், கிறிஸ்துமஸ் வாரம் ஏறும். முன்கூட்டியே ஒரு தடவை செய்து பார்க்க நினைப்பவர்கள் புரட்டாசியிலேயே பார்த்துவிடலாம். முதல் தடவை செய்பவர்கள், இருபது பேருக்குச் செய்பவர்கள், காலையில் வேலைக்குப் போய் வந்து ராத்திரி செய்பவர்கள், இவர்களெல்லாம் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், பிராய்லர் கால் கறிதான்.

## முட்டைக்கோழி

இதை யாரும் கேட்கவில்லை, நானே சேர்க்கிறேன். நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் கழிக்கும் கோழி, கடையில் லேயர் என்பார்கள். எல்லாக் கடையிலும் தொங்காது, கேட்டால் சில இடங்களில் மறுநாள் வரவழைத்துத் தருவார்கள். நாட்டுக்கோழியை விட விலை எவ்வளவோ குறைவு. கறி முரட்டுத்தனம், குக்கரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி பிடிக்கும், ஆகவே வறுவலுக்கு வாங்கியவர்கள் திட்டுவார்கள். பைக்கு வாங்கியவர்கள் திட்டமாட்டார்கள். மேலைநாட்டுப் பண்ணை வீடுகளிலும் முட்டை நின்ற கிழட்டுக் கோழியை வேகவைத்துத்தான் இந்த மாதிரிப் பைகளில் போட்டார்கள்.

சாற்றைக் குளிர வைத்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு உறைந்து நிற்கும். அதை வழித்தெடுத்து வெண்ணெயில் பாதிக்குப் பதிலாக அதிலேயே மைதாவை வறுத்துப் பாருங்கள், அப்புறம் சும்மா வெண்ணெயில் வறுக்கக் கை வராது. வெட்டும்போது உள்ளே ஓடு கட்டாத முட்டைக் கருக்கள் பெரிதும் சிறிதுமாகக் கொத்தாக இருக்கும், கடைக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கி, சாற்றில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, பாதியாக வெட்டிப் பைக்குள் புதைத்து வைக்கலாம். கறி நார் நாராகப் பிரியும் என்பதால் நாருக்குக் குறுக்கே சின்னதாக வெட்டிப் போட வேண்டும், உதிர்த்து மட்டும் விட்டால் பல்லில் மாட்டும்.

## நாட்டுக்கோழி

சாறு என்று வந்தால் இதற்கு மேல் இல்லை. ஐந்தாறு மாதம் மண்ணைக் கிளறி ஓடிய கோழி, எலும்பும் சவ்வும் முற்றியிருக்கும், மெதுவாக வேகவைத்தால் ஆறியதும் சாறு தானாகக் கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கெட்டியாக இறங்கும். கறியும் ஓவனில் சக்கையாகாது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். கிலோ விலை பிராய்லரைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், ஆனால் நெஞ்சு ஒல்லி, எலும்பு கனம், ஆகவே ஆறு பேருக்கு ஒன்றரை கிலோ வாங்க வேண்டியிருக்கும். ஆடி மாதம் கூழ் வார்க்கும் வாரங்களில் நம் பக்கத்தில் விலை எகிறும், அப்போது பைக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நாட்டுக்கோழி என்று விற்பதில் பாதி பண்ணையில் தீனி போட்டு வளர்த்த கலப்புக் கோழி. அது கெட்ட கறி இல்லை, ஆனால் நாட்டுக்கோழி விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. உயிரோடு பார்த்து வாங்குங்கள். ஒரே கூண்டில் இருப்பதெல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே எடை என்றால் பண்ணைதான். கால் செதில் தேய்ந்து, நகம் மண்ணில் மழுங்கி, ஒன்றுக்கொன்று நிறம் மாறி இருந்தால் நம்பலாம்.

கடையில் மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டித் தருவார்கள். குழம்புக்கு அந்த மணம் அருமை. பால் சேர்த்த சாஸில் அது ஒட்டாமல் தனியாக நிற்கும், மஞ்சள் நிறமும் இறங்கும். பைக்கு என்றால் வாட்டாமல் தோலுரித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது வாட்டிய தோலை சாறு வைப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். விடைக்கோழியாகக் கேட்டு வாங்கினால் குக்கரில் இருபத்தைந்து நிமிடம் போதும், கிழட்டுச் சேவல் மாட்டினால் முக்கால் மணி.

என் வீட்டில் நான் செய்வது கலவை: அரை கிலோ நாட்டுக்கோழியில் சாறு, கறிக்கு பிராய்லர் தொடை முக்கால் கிலோ. முழு நாட்டுக்கோழிப் பையின் ருசியில் முக்கால்வாசி வந்துவிடும், செலவு ஏறக்குறைய பாதியில் நிற்கும், பிள்ளைகளும் மென்று களைப்பதில்லை. நாட்டுக்கோழிக் கறியைப் பொடியாக நறுக்கி அதே சாஸில் கலந்துவிடுவேன். வீட்டில் பெரியவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள், நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் முழுக்க நாட்டுக்கோழியே போடுங்கள், அதற்கு ஈடில்லை.

## காடை

பண்ணைக் காடை, அதாவது ஜப்பானியக் காடை, வாங்கலாம். வயலில் திரியும் காட்டுக் காடை கூடாது. பண்ணைக் காடை 1970களில் இந்தியாவுக்கு வந்த இனம், ஐந்தாறு வாரத்தில் 200 கிராம் அளவில் விற்பனைக்குத் தயார். உரித்தால் 130 கிராம் சொச்சம், அதில் உதிர்த்த கறி ஒரு பிடிதான், ஆகவே ஆறு பேருக்குப் பத்துக் காடை வேண்டும்.

ருசியில் நாம் வாங்கக்கூடியவற்றில் காட்டுப் பறவைக்கு மிகக் கிட்டே நிற்பது இதுதான். வேகும் நேரமும் குறைவு, கொதி வந்து பன்னிரண்டு பதினைந்து நிமிடம். சிக்கல் முழுக்க விரலில்தான். பத்துக் காடையை உட்கார்ந்து உதிர்த்துப் பாருங்கள்: நெஞ்சு இரண்டு துண்டாகக் கழன்று வந்துவிடும், தொடை பரவாயில்லை, ஆனால் கால் எலும்பு ஊசி போல, ஒடிந்தால் கறி நிறத்திலேயே கறிக்குள் நின்றுவிடும், கண்ணை நம்ப முடியாது, ஒவ்வொரு சிட்டிகையையும் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் கிண்ணத்தில் போட வேண்டும். ஒரு மணி நேரம் போகும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறினால் கறி எலும்பில் இறுகிவிடும்.

உதிர்த்த எலும்பை வீசாமல் ஓவனில் சிவக்க வறுத்து, வெங்காயம், மிளகோடு இன்னொரு அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் நிறமான சாறு கிடைக்கும். கறியைச் சாஸில் கடைசியில் சேர்க்க வேண்டும், முதலிலேயே போட்டுக் கிளறினால் நெஞ்சு காய்ந்துபோகும். நான்கு பேர் மட்டும் உட்காரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணமாகத் தனித்தனி மூடி போட்டுச் செய்ய, இதுவே முதல். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

## பண்ணை முயல்

வெள்ளையும் சாம்பலுமாகப் பண்ணையில் வளர்ப்பது வேறு இனம், நம் காட்டு முயல் வேறு இனம். காட்டு முயலுக்குப் பிடரியில் கறுப்புப் பட்டை இருக்கும். உரித்துத் துண்டு போட்டபின் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆகவே தெரியாதவர் கொண்டு வரும் துண்டுக்கறியை வாங்காமல், செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் பண்ணை வைத்திருப்பவரிடமே சொல்லிவைத்து வாங்குவது ஒன்றுதான் பாதுகாப்பு. போய் வரும் பெட்ரோலையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறி வெளுப்பு, மிருது, கொழுப்பு மிகக் குறைவு, எலும்பு கோழியை விடக் குறைவு. உரித்தது ஒரு கிலோ இருநூறு இருந்தால் ஆறு பேருக்குச் சரியாக வரும். சின்னத் தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி, கொதிக்க விட்டால் இறுகிவிடும். விலா எலும்புப் பகுதியைச் சாறுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு இல்லாததால் சாஸில் வெண்ணெயும் கொஞ்சம் பாலேடும் கூட்ட வேண்டும். ருசி இருக்கிறது, ஆனால் கண்ணை மூடிச் சாப்பிட்டால் நல்ல கோழிப் பைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அலைச்சலுக்குத் தகுந்த அளவு இல்லை என்பது என் முடிவு. முயல் வளர்த்த பிள்ளை இருக்கும் வீட்டிலும், வரும் விருந்தாளியிடம் முன்கூட்டிச் சொல்லாமலும் இதைப் பரிமாறவே கூடாது.

## வான்கோழி, வாத்து

முழு வான்கோழி பைக்காக வாங்குவது வீண். பண்டிகைக்கு ரோஸ்ட் செய்து மிச்சம் இருக்கிறது என்றால் மறுநாள் பை அதற்கு மிக நல்ல வழி, எலும்புக்கூட்டிலிருந்து ஒரு பெரிய சட்டி சாறும் வரும். சில கடைகளில் கால் மட்டும் வெட்டித் தருவார்கள், ஒரு கால் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், குக்கரில் முக்கால் மணி. முழங்காலுக்குக் கீழே தசைநார்கள் குச்சி குச்சியாகக் கெட்டிப்பட்டிருக்கும், ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டும்.

வாத்து வேண்டாம். பால் சாஸின் மேல் கொழுப்பு மிதக்கும், மூடி மாவு அடியில் ஊறிப்போகும்.

## ஒரு பார்வையில், ஆறு பேருக்கு

| கறி | வாங்க வேண்டியது | வேகும் நேரம் | சாறு | உதிர்க்கும் வேலை |
|---|---|---|---|---|
| பிராய்லர் கால் | 1¼ கிலோ | 20–25 நிமிடம் | மெலிவு | கால் மணி |
| முட்டைக்கோழி | 1½ கிலோ | குக்கரில் 30–45 நிமிடம் | கெட்டி, கொழுப்பு உண்டு | கால் மணி, நறுக்க வேண்டும் |
| நாட்டுக்கோழி | 1½ கிலோ | குக்கரில் 25–45 நிமிடம் | மிகக் கெட்டி | அரை மணி |
| பண்ணைக் காடை | 10 | 12–15 நிமிடம் | எலும்பு வறுத்தால் நன்று | ஒரு மணி |
| பண்ணை முயல் | 1.2 கிலோ | 45–60 நிமிடம் | மிதம் | அரை மணி |
| வான்கோழிக் கால் | 1¼ கிலோ | குக்கரில் 45 நிமிடம் | நன்று | அரை மணி, நார் எடுக்க |

எதுவானாலும் கோழி இனம் உள்ளே 74 டிகிரி தொட வேண்டும். முழுசாக வேகவைத்து உதிர்த்தால் அந்தக் கவலை இல்லை.

## கறிக்கு வெளியே போகும் பணம்

எந்தக் கறி வாங்கினாலும் மூடி மாவுதான் நம் ஊரில் காலை வாரும். வெண்ணெய் உருகாமல் மாவுக்குள் சின்னச் சின்னத் துண்டாக இருந்தால்தான் பொரபொரவென்று வரும், நம் சமையலறையில் மே மாதம் அது பத்து நிமிடம் தாங்காது. மாவு, வெண்ணெய், தண்ணீர், பிசையும் பாத்திரம் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்து விடியற்காலையில் செய்யுங்கள். உள்ளே ஊற்றும் கறி முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூடாகக் கொட்டி மாவைப் போர்த்தினால் ஓவனுக்குப் போகும் முன்னாலேயே வெண்ணெய் ஓடிவிடும். மேலே கத்தியால் இரண்டு மூன்று கீறல் போடுங்கள், ஆவி போக வழி வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பழக்கமான பேக்கரியில் பஃப்ஸுக்குத் தேய்த்து வைத்திருக்கும் மாவைக் கேட்டு வாங்கலாம், தெரிந்தவர் என்றால் தருவார்கள், மூடி பிரமாதமாக உப்பும்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக் மாவைத் தட்டில் ஊற்றி பேக்கரிக்குக் கொடுத்து வேகவைத்து வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது, அதே கடையில் பையையும் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். கேக் வேகும் சூடு பைக்குப் போதாது, ரொட்டி போட்டு முடித்த கையோடு அடுப்பு சூடாக இருக்கும் நேரத்தில் உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும். டிசம்பர் 20க்கு மேல் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். நாட்டுக்கோழியோ முட்டைக்கோழியோ சொல்லிவைக்கப் போகிற அதே நாளில் பேக்கரியிலும் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.